தடுப்பூசியில விஷம் இருக்காம். சரி, விஷத்தைப் பத்தியே பேசுவோம்

நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நேத்து ராத்திரி ஒரு அம்மா இன்பாக்ஸ்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. கூடவே நாலு வரி. "டாக்டர், பாப்பாவுக்கு அஞ்சு மாசம் ஆகுது. பிறந்தப்ப ஆஸ்பத்திரியில போட்டதோட சரி. இந்த வீடியோவைப் பார்த்துட்டு மாமியார் வீட்டுல இனிமே ஊசியே வேணாம்னுட்டாங்க. இவர் சொல்றது நிஜமா?"

வீடியோவை முழுசா பார்த்தேன். பதினெட்டு நிமிஷம். பச்சைத் துண்டு போட்ட ஒருத்தர், பின்னாடி ரெண்டு துளசிச் செடி. "தடுப்பூசிங்கிறது பாக்டீரியா கக்குற விஷம், அதை ஃபார்மலின்ல ஊறவெச்சு உங்க குழந்தை ரத்தத்துல ஏத்துறாங்க"ன்னு சொல்றார். கடைசி மூணு நிமிஷம் "உடம்பில் சேர்ந்த நச்சை வெளியேற்றும்" பொடி விற்பனை. குழந்தைகளுக்குத் தேனில் குழைச்சுக் குடுக்கணுமாம். அந்தத் தேனுக்குப் பின்னாடி வர்றேன்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு வாக்கியம் உண்மை. டிப்தீரியா, டெட்டனஸ் தடுப்பூசிகள் பாக்டீரியாவின் விஷத்தில் இருந்துதான் செய்யப்படுது. ஃபார்மலினும் உண்மை. யாரும் இதை ஒளிச்சு வைக்கலை. 1920கள்ல இருந்து பாடப்புத்தகத்துல இருக்கு. எங்க தப்பு என்னன்னா, அது ஏன் அப்படின்னு உங்ககிட்ட நாங்க உட்கார்ந்து சொன்னதே இல்லை. "ஊசி போடுங்க, கேள்வி கேட்காதீங்க"ன்னு அதட்டியே பழகிட்டோம். அந்த இடைவெளியிலதான் பொடி விக்கிறவர் நுழைஞ்சார்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப தொற்றுநோய் வார்டுல ஒரு பையன். ஏழு வயசு இருக்கும். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. ரெண்டாவது மாசத்துக்கு அப்புறம் எந்த ஊசியும் போடலை. கழுத்து வீங்கி, காளை மாட்டுக் கழுத்து மாதிரி இருந்தது. வாயைத் திறந்து டார்ச் அடிச்சா, தொண்டையில சாம்பல் நிறத்துல தடிச்ச படலம். அதைப் பிய்க்கக் கூடாது, பிய்ச்சா ரத்தம் கொட்டும். மூச்சு விட முடியாம, கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வெச்சோம். பென்சிலின் போட்டோம். எதிர்நச்சு மருந்து தேடிப் பிடிச்சு வர்றதுக்குள்ள நாள் போயிடுச்சு.

ஆனா பையன் தேறினான். படலம் உரிஞ்சு போச்சு, காய்ச்சல் இல்லை. பாட்டி இட்லியைப் பிசைஞ்சு ஊட்டினாங்க, சாப்பிட்டான். வார்டு முழுக்க எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டாவது நாள் காலையில நாடித்துடிப்பு குறைய ஆரம்பிச்சுது. நாற்பது. அப்புறம் அதுவும் இல்லை. சாயந்திரத்துக்குள்ள போயிட்டான்.

பாட்டி என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "தொண்டையிலதான சாமி வியாதி? தொண்டைதான் சரியாப் போச்சே?"

அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பதில் என்னமோ நூறு வருஷத்துக்கு மேல பழசு.

1884இல் ஜெர்மனியில் லோஃப்ளர் என்ற டாக்டர் இதே குழப்பத்துலதான் நின்னார். டிப்தீரியாவில் செத்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தா, கிருமி தொண்டைப் படலத்தில் மட்டும்தான் இருக்கு. இதயத்துல இல்லை, நரம்புல இல்லை. ஆனா கெட்டுப்போயிருக்கிறது இதயமும் நரம்பும். கிருமி ஒரு இடத்துல உட்கார்ந்துக்கிட்டு ஏதோ ஒரு விஷத்தை அனுப்புதுன்னு அவர் ஊகிச்சார். நாலு வருஷம் கழிச்சு, 1888இல், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ரூவும் யெர்சினும் அதை நிரூபிச்சாங்க. கிருமி வளர்த்த திரவத்தை, கிருமி ஒண்ணுகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடிச்சு, அந்தத் தெளிவான நீரை மட்டும் விலங்குகளுக்கு ஊசியில போட்டாங்க. கிருமியே இல்லாம நோய் வந்தது. விலங்குகள் செத்தன.

அந்த நீருக்குள்ள இருந்தது ஒரு புரதம். முட்டை வெள்ளையில இருக்கிற மாதிரி, பருப்புல இருக்கிற மாதிரி, சாதாரணமா ஒரு புரதம். அதுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு கைப்பிடி, இன்னொண்ணு கத்தி. கைப்பிடி நம்ம செல்லின் மேல் பிடிச்சு ஏறும். நம்ம செல் அதைத் தன்னோட சரக்குன்னு நினைச்சு உள்ளே இழுத்துக்கும். உள்ளே போனதும் கத்தி தனியாப் பிரியும். ஒவ்வொரு செல்லும் நிமிஷத்துக்கு நிமிஷம் புதுப் புரதம் கட்டிக்கிட்டேதான் உயிரோட இருக்கு. அந்தக் கட்டுமானத்தில் அடுத்த படிக்கு நகர்த்துறதுக்குன்னு ஒரு காரணி உண்டு. கத்தி அதில் ஒரு சின்ன ரசாயனப் பூட்டைப் போட்டுட்டு, அடுத்ததுக்குப் போகும். தான் தேய்றதே இல்லை. கத்திப் பாகம் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலே ஒரு செல்லைக் கொல்லப் போதும்னு 1978இல் காட்டியிருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை: இந்த விஷம் செய்யத் தெரியறது அந்தக் கிருமியோட சொந்தத் திறமைகூட இல்லை. பாக்டீரியாவைத் தாக்குற ஒரு வைரஸ் கொண்டுவந்து குடுத்த மரபணு அது. வைரஸ் புகாத டிப்தீரியா கிருமிக்கு இந்த விஷம் செய்யத் தெரியாது.

இப்ப அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். பென்சிலின் கிருமியைக் கொல்லும். புது விஷம் உற்பத்தி ஆகாம நிறுத்தும், அடுத்தவருக்குப் பரவாம தடுக்கும். ஆனா ஏற்கெனவே கிளம்பிப் போன விஷத்தைத் திருப்பிக் கூப்பிடாது. எதிர்நச்சு மருந்து ரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கிற விஷத்தைப் பிடிக்கும். செல்லுக்குள்ள புகுந்ததை அதாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் பையன் இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப, அவனோட இதயத்துக்குள்ள கத்தி ஏற்கெனவே வேலையை முடிச்சிருந்தது.

"இப்பல்லாம்தான் நல்ல நல்ல ஆன்டிபயாடிக் வந்திருச்சே, வந்தா பார்த்துக்கலாம்"ன்னு சொல்றவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க.

சரி, அப்ப என்ன வழி? விஷம் வர்றதுக்கு முன்னாடியே அதைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் ரத்தத்துல தயாரா இருக்கணும். 1890இல் பெஹ்ரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் சேர்ந்து, விஷத்துக்குப் பழகின விலங்கின் ரத்த நீர் மற்ற விலங்கைக் காப்பாத்தும்னு கண்டாங்க. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பெஹ்ரிங்குக்கு. (கிடசாட்டோவுக்குக் குடுக்கலை. அது தனிக் கதை.) 1920களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ராமோன், விஷத்தை ஃபார்மலினில் வெதுவெதுப்பா சில வாரம் வெச்சா, அதோட வடிவம் அப்படியே இருக்கும், ஆனா விஷத்தன்மை போயிடும்னு காட்டினார். அதுதான் டாக்ஸாய்டு. பல் பிடுங்கின பாம்பு. நம்ம நோய் எதிர்ப்பு சக்தி அந்தப் பாம்பைப் பார்த்து அடையாளம் கத்துக்குது, அவ்வளவுதான்.

ஃபார்மலின்? உங்க உடம்பே ஃபார்மால்டிஹைடு செய்யுது, செலவு பண்ணுது. ஊசியில் மிச்சமிருக்கிற அளவு, கைக்குழந்தையின் ரத்தத்தில் இப்ப இயல்பா ஓடிக்கிட்டிருக்கிற அளவைவிடக் குறைவு.

பச்சைத் துண்டுக்காரர் சொல்லாத ஒரு உண்மையை நானே சொல்றேன். பல் சரியாப் பிடுங்காம ஊசி போட்ட சம்பவம் நடந்திருக்கு. 1948இல் ஜப்பானில் கியோட்டோவிலும் ஷிமானேவிலும், விஷம் முழுசா முறியாத டிப்தீரியா ஊசி போட்டு 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனாங்க. அதுக்கும் முன்னாடி, 1901இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் டெட்டனஸ் வந்த ஒரு குதிரையின் ரத்தத்தில் செஞ்ச எதிர்நச்சு மருந்தால 13 குழந்தைகள். அடுத்த வருஷமே அங்க இதுக்குன்னு கண்காணிப்புச் சட்டம் வந்தது. இன்னைக்கு ஒவ்வொரு தொகுதி ஊசியையும் விஷம் மிச்சம் இருக்கான்னு சோதிச்சுத்தான் வெளியே விடுறாங்கன்னா, அந்தக் குழந்தைகளின் கணக்கு அதுல இருக்கு. பயப்படுறவங்களை நான் முட்டாள்னு சொல்லலை. பயத்துக்கு நியாயமான காரணம் ஒரு காலத்துல இருந்தது. பொடி விக்கிறவர்கிட்ட எந்தத் தொகுதியை எந்த லேப் சோதிச்சதுன்னு கேட்டுப் பாருங்க.

அரசாங்கத்தையும் விடலை நான். நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனம் நாட்டுக்கே முத்தடுப்பூசி செஞ்சு குடுத்த இடம். 2008இல் தரக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அங்க உற்பத்தியை நிறுத்தினாங்க. தரத்தைக் கேட்டது சரி. அந்தத் தரத்துக்கு ஏத்த மாதிரி கட்டடத்தை முன்கூட்டியே புதுப்பிக்காம விட்டது யார் தப்பு?

அடுத்து டெட்டனஸ். நம்ம ஊர்ல "செப்டிக் ஊசி"ன்னு சொல்வீங்களே, அது. பழைய பேர் ரண ஜன்னி. இயற்கை எதிர்ப்பு சக்திதான் சிறந்தது, நோய் வந்து போனா தானா சக்தி வந்துடும்னு வீடியோவில் ஒரு இடத்துல சொல்றார். அம்மைக்கு அது பொருந்தும். டெட்டனஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. டெட்டனஸ் வந்து பிழைச்ச ஆளுக்கும் நாங்க ஊசி போட்டுத்தான் அனுப்புவோம். ஏன்னா அவருக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்காது. ஆளைக் கொல்லத் தேவைப்படுற விஷத்தோட அளவு, நம்ம எதிர்ப்பு சக்தி "யாரோ வந்திருக்காங்க"ன்னு கவனிக்கத் தேவைப்படுற அளவைவிடக் குறைவு. கொன்னுட்டே போயிடும், கதவு தட்டின சத்தம்கூடக் கேட்காது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் போட்டிருக்காங்க, அதனால எங்க பிள்ளைக்கு வராது"ங்கிறதும் இங்க செல்லாது. டெட்டனஸ் மனுஷங்ககிட்ட இருந்து வர்றதில்லை. மண்ணுல இருக்கு, சாணியில இருக்கு, வாசல்ல கிடக்கிற ஆணியில இருக்கு. ஊரே ஊசி போட்டுக்கிட்டாலும் உங்க பிள்ளை கால்ல குத்துற முள்ளுக்கு அது தெரியாது.

அந்த அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். மாமியாரைத் திட்டாதீங்க. அவங்ககிட்டயே கேளுங்க, அவங்க சின்ன வயசுல ஊர்ல பிறந்து ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள பால் குடிக்க முடியாம, வாய் கட்டிப்போய், உடம்பு வில்லா வளைஞ்சு செத்த குழந்தையைப் பார்த்ததோ கேட்டதோ இல்லையான்னு. தொப்புள்கொடியை அரிவாளால வெட்டி, சாணியோ சாம்பலோ வெச்ச காலம் அது. 1988இல் உலகம் முழுக்க அப்படிச் செத்த பச்சைக் குழந்தைகள் 7,87,000ன்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. ஒரே வருஷத்துல. இந்தியாவுல அது ஒழிஞ்சதா 2015இல் அறிவிச்சாங்க. ஒழிஞ்சதுன்னா பூஜ்ஜியம்னு அர்த்தம் இல்லை, எல்லா மாவட்டத்துலயும் ஆயிரம் பிறப்புக்கு ஒண்ணுக்கும் கீழேன்னு அர்த்தம். கர்ப்பிணிகளுக்குக் கையில போட்ட அந்த ரெண்டு ஊசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் செஞ்ச வேலை. இந்த அம்மாவுக்கும் போட்டிருப்பாங்க. அந்த விஷ ஊசிதான் பாப்பாவைத் தொப்புள் காயும் வரைக்கும் காப்பாத்துனது.

இனி தேன்.

பொட்டுலினம்னு ஒரு கிருமி, டெட்டனஸ் கிருமிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மனுஷன் அறிஞ்ச விஷங்கள்லயே கடுமையானது இதோட விஷம்தான். அதோட வித்துகள் மண்ணுல இருக்கும், சில சமயம் தேன்லயும் இருக்கும். நீங்களும் நானும் தின்னா ஒண்ணும் ஆகாது, நம்ம குடல்ல ஏற்கெனவே குடியிருக்கிற கிருமிகள் அதை முளைக்க விடாது. ஒரு வயசு ஆகாத குழந்தை குடல்ல அந்தக் காவல் இன்னும் வரலை. வித்து முளைக்கும், குடலுக்குள்ளேயே விஷம் செய்யும். முதல்ல மலச்சிக்கல். அப்புறம் பால் உறிஞ்ச முடியாது, அழுகைச் சத்தம் குறையும், இமை தொங்கும், தலை நிக்காது. கடைசியில மூச்சு. எல்லாருக்கும் வரும்னு சொல்லலை, அபூர்வம்தான். ஆனா ஒரு வயசு வரைக்கும் தேன் குடுக்கிறதால கிடைக்கிற நன்மை என்ன? ஒண்ணும் இல்லை. சேனை வைக்கிறது, உரை மருந்தைத் தேன்ல குழைக்கிறது எல்லாத்துக்கும் இதையேதான் சொல்றேன். பாக்டீரியா விஷத்துல இருந்து குழந்தையைக் காப்பாத்துறேன்னு சொல்றவர், பாக்டீரியா விஷம் வரக்கூடிய ஒரு சாப்பாட்டுப் பொருளைத் தேடிப் பிடிச்சு அஞ்சு மாசக் குழந்தை நாக்குல தடவச் சொல்றார்!

இந்த அண்ணன் தம்பி விஷங்கள் வேலை செய்யுற விதம் எனக்கு மருத்துவக் கல்லூரியில படிச்சதிலேயே ரொம்பப் பிடிச்ச பாடம். நரம்பு நுனியில் சேதி சொல்ற ரசாயனம் சின்னச் சின்னப் பைகள்ல இருக்கும். பை சுவரோட ஒட்டித் திறக்க ஒரு சில புரதக் கொக்கிகள் வேணும். ரெண்டு விஷமும் அந்தக் கொக்கியை வெட்டுற கத்தரிக்கோல். பொட்டுலினத்தில் 'பி' என்ற வகையும் டெட்டனஸும் ஒரே கொக்கியை, அதிலும் ஒரே இடத்தில் வெட்டுது. ஆனா பொட்டுலினம் தசைகிட்டயே, நரம்பு நுனியில நின்னு வெட்டும். தசைக்குச் சேதி வராது, உடம்பு துவண்டு போகும். டெட்டனஸ் நரம்பு வழியா மேல ஏறி, தண்டுவடத்துக்குப் போய், "போதும், தளர்வா இரு"ன்னு சொல்ற நரம்புல வெட்டும். அப்ப தசை இறுகிக்கிட்டே போகும். ஒண்ணு ஆக்சிலேட்டர் கேபிளை வெட்டுது, இன்னொண்ணு பிரேக் கேபிளை. கத்தரி ஒண்ணுதான்.

இது புரிஞ்சதும் டாக்டர்களுக்கு ஒரு யோசனை வரத்தானே செய்யும்? வேணாத இடத்துல இறுகிக் கிடக்கிற தசைக்கு மட்டும் அந்தக் கத்தரியை அனுப்பினா என்ன? சான் ஃபிரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட் அதைத்தான் செஞ்சார். மாறுகண்ணுக்கு, கண்ணை இழுக்கிற தசையில துளியூண்டு பொட்டுலினம் ஊசி. 1980இல் கட்டுரை வந்தது, 1989இல் அமெரிக்க அரசு அனுமதி. நீங்க கேள்விப்பட்ட போடாக்ஸ் அதுதான். நெத்திச் சுருக்கத்துக்கு அனுமதி குடுத்ததே 2002லதான். சினிமாக்காரங்க புண்ணியத்துல ஊருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

எனக்குத் தெரிஞ்ச போடாக்ஸ் வேற. பெருமூளை வாதம் வந்த ஒரு ஆறு வயசுப் பொண்ணு, கெண்டைக்கால் தசை இறுகி நுனிக்காலிலேயே நடப்பா, ரெண்டு எட்டு வெச்சா விழுவா. கெண்டைக்கால்ல ஊசி, கூடவே பிசியோதெரபி, காலுக்குத் தாங்குபட்டை. சில வாரத்துல குதிகால் தரையில பட்டது. குணமாயிடுச்சுன்னு சொல்லலை, மூணு மாசம் போல அதோட வேலை இருக்கும், திரும்பப் போடணும், ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய். அவளோட அப்பா கேட்டார், "இது விஷம்னு நெட்ல போட்டிருக்கே சார்?" ஆமாங்க, விஷம்தான்னேன். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கா பிரிச்சா வர்ற ஒரு பங்கு, அந்தக் கணக்குல சில பங்குதான் குப்பியிலயே இருக்குன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப எடுத்துக் குடுக்கிற கை யாருதுங்கிறதுதான் விஷயம்"னார். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை.

கழுத்து ஒருபக்கமா திருகிக்கிற நோய், விடாத ஒற்றைத் தலைவலி, அடக்க முடியாத சிறுநீர்ப்பை, எல்லாத்துக்கும் இன்னைக்கு இந்த விஷம் மருந்து. டிப்தீரியா விஷத்தின் கைப்பிடியைக் கழட்டி, புற்றுச் செல்லை மட்டும் பிடிக்கிற வேற கைப்பிடியை மாட்டி, அரிதான ஒரு ரத்தப் புற்றுக்கு 2018இல் மருந்து வந்திருக்கு. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினதால கத்தி மழுங்கிப்போன ஒரு டிப்தீரியா விஷம் இருக்கு, அதுதான் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல போடுற நிமோனியா தடுப்பூசிக்கு முதுகெலும்பு.

ஆக, "நச்சு"ன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்த நச்சு? பேர் என்ன? உடம்புல எங்க உட்கார்ந்திருக்கு, எதை வெட்டுது? நான் மேல பேர் சொல்லியிருக்கேன், இடம் சொல்லியிருக்கேன், எந்த வருஷம் யார் கண்டுபிடிச்சாங்கன்னும் சொல்லியிருக்கேன். பதினெட்டு நிமிஷத்துல அவர் ஒரு நச்சோட பேரைக்கூடச் சொல்லலை. "கழிவு"ங்கிறார், "தேக்கம்"ங்கிறார். பேர் சொன்னா அளக்கச் சொல்லுவோம். அளந்தா பொடி விக்காது.

"ஊசி போட்ட குழந்தைக்கும் டிப்தீரியா வந்ததே"ன்னு கமென்ட்ல வரும், அதையும் இப்பவே சொல்லிடறேன். வரும். இந்த ஊசி விஷத்துக்கு எதிரா மட்டும்தான், கிருமி தொண்டையில வந்து உட்கார்றதை முழுசா தடுக்காது. உட்கார்ந்தாலும் ஆளைக் கொல்ல விடாம பண்ணும். அதுவும் வருஷம் போகப் போக வலு குறையும். அதனாலதான் ஒன்றரை வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு, பத்துலயும் பதினாறுலயும் ஒண்ணு. ஸ்கூல்ல பத்தாம் வயசு ஊசிக்கு "லீவு போட்டுடு"ன்னு சொல்ற படிச்ச அப்பா அம்மா நிறைய பேரைப் பார்த்திருக்கேன். 1990களில் சோவியத் யூனியன் உடைஞ்சு ஊசித் திட்டம் குலைஞ்சப்ப, அந்த நாடுகள்ல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல டிப்தீரியா வந்து 5,000 பேர் வரைக்கும் செத்தாங்க. நிறைய பேர் பெரியவங்க. ஒழிஞ்சு போன நோய்னு நினைச்ச நாடு அது.

இப்ப அந்த அம்மாவுக்கு.

பாப்பாவுக்கு அஞ்சு மாசம்தான். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் போட வேண்டிய ஐந்து நோய்த் தடுப்பூசி மூணும் விட்டுப்போயிருக்கு. பரவாயில்லை, காலம் கடந்துடலை. ஒரு வயசுக்குள்ள முதல் ஊசியை ஆரம்பிச்சுட்டா, நாலு நாலு வாரம் இடைவெளியில மூணையும் முடிச்சுடலாம். புதன்கிழமை உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி நாள். பிறந்தப்ப குடுத்த அட்டையை எடுத்துக்கிட்டுப் போங்க, காசு கிடையாது. விட்டுப்போன மத்த ஊசி, சொட்டு மருந்தையும் அவங்களே பார்த்துச் சொல்லுவாங்க.

அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், நல்லா அழுவா. அதுல பெரும்பங்கு கக்குவான் இருமல் ஊசியோட வேலை, ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கும். பாராசிட்டமால் எவ்வளவுன்னு நர்ஸ் அக்காகிட்ட எழுதி வாங்கிக்கங்க. வீங்கின இடத்துல தேய்க்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துட்டு வாங்க.

மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. வாசல்ல வெயில்ல நிக்க வைக்காம உள்ள உட்கார வெச்சுப் பேசச் சொல்லுங்க. பொடி ஏற்கெனவே வாங்கியிருந்தா தேன்ல குழைச்சுக் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்களான்னு மட்டும் இன்னைக்கே எனக்குப் பதில் போடுங்க. பாப்பா ரெண்டு நாளா மலம் போகலைன்னாலோ, பால் குடிக்கிறது குறைஞ்சிருந்தாலோ, புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்.